மணி கழற்றிய பூட்டு

என் பாலவாடி நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டங்கள். அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் நானே கோடு போடுவேன். முதல் கட்டத்தின் தலைப்பு 'என்ன செய்தது'. அடுத்தது 'என்ன நடந்தது'. கடைசி, 'மறுபடி செய்ததா'. இந்தக் கடைசிக் கட்டத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தேன்.

காந்திகிராமத்தில் பயிற்சி முடித்து வந்த புதிது அது, ஐம்பதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. சின்னக் குழந்தை ஒரு டப்பாவை ஒரு முறை ஆட்டினால் அது தற்செயல். சத்தம் வந்ததும் நிறுத்தி, டப்பாவைப் பார்த்து, மறுபடி ஆட்டினால், தான் ஆட்டியதால்தான் சத்தம் வந்தது என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். இதைக் கற்றுக்கொடுக்கக் கடைப் பொம்மை வேண்டாம், வீட்டில் கழித்துப் போட்டதே போதும் என்பது பயிற்சியில் படித்தது. அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். பால் பவுடர் டப்பாவில் புளியங்கொட்டை போட்டு மூடிய கிலுகிலுப்பை, கயிற்றை இழுத்தால் அடிக்கும் தகரத் தட்டு, சோடா மூடிகளைத் தட்டிக் கம்பியில் கோத்த சலங்கை, இரண்டு கொட்டாங்கச்சித் தாளம். இப்படி எட்டுப் பொருள்களை எண் போட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் நாளுக்கு ஒரு பொருள், கால் மணி நேரம். எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

பாலவாடி இருந்தது திண்டுக்கல் ஊரின் ஓரத்தில், பூட்டுப் பட்டறைகள் நிறைந்த ஒரு தெருவில். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் சுத்தியல் சத்தமும் அரம் ராவும் சத்தமும் பொழுது சாயும் வரை ஓயாது. முதல் வாரம் எனக்குத் தலைவலி வந்தது. இரண்டாம் வாரம் வலி போய்விட்டது. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகளுக்கோ அது தாலாட்டு. பக்கத்திலேயே பித்தளைத் தகட்டை ஒருவர் அடித்துக்கொண்டிருப்பார். தொட்டிலில் குழந்தை கால் நீட்டித் தூங்கும். வெளியூர் உறவுக்காரர்கள் பார்த்து வியந்தால், தெருக்காரர்களுக்குப் பெருமை. "பட்டறைப் புள்ள" என்பார்கள். சத்தத்துக்கு அஞ்சாத பிள்ளை, அதாவது நல்ல பிள்ளை.

அந்தத் தெருவிலேயே சிறந்த பட்டறைப் பிள்ளை என்று பெயர் வாங்கியவள், எங்கள் பாலவாடிக்கு நாலு வீடு தள்ளியிருந்த பூட்டுக்காரரின் மகள். வயது இரண்டரை. தொட்டிலில் கிடந்தபோது இடி இடித்தும் கண் திறக்கவில்லையாம். அவளுடைய அம்மா அதைச் சொல்லும்போது முதலில் சிரிப்பார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொள்வார். ஏனென்றால் அந்தப் பெண் இன்னும் ஒரு சொல் பேசவில்லை. அழைத்தால் வருவதில்லை. வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அந்த ஐப்பசியில், அப்பா தொண்டை கிழியக் கத்தியும் நிற்காமல் போய், அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்த பித்தளையைத் தொட்டுவிட்டாள். வலது உள்ளங்கையில் புளியிலை அகலத்துக்குத் தழும்பு.

அவளைப் பாலவாடியில் கொண்டுவந்து விட்டபோது அவள் அம்மாவின் கையில் மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. செத்த நேரம் கண்ணை எடுத்தாலும் மூத்தவள் உலைப் பக்கம் போய்விடுவாளோ என்ற பயம் அந்த அம்மாவை இளைக்க வைத்திருந்தது.

கார்த்திகையில் தொடங்கிப் பதினொரு வேலை நாள் அவளை என் பட்டியலின்படி பார்த்தேன். கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். ஒரு முறை அசைப்பாள். மூடியைத் திறக்கப் பார்ப்பாள். கீழே வைத்துவிடுவாள். கயிற்றை இழுத்துத் தட்டை அடித்துக் காட்டினேன். கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதில்தான் அவளுக்கு அக்கறை. சலங்கையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி செய்ததா? இல்லை. மறுபடி செய்ததா? இல்லை. பதினொரு 'இல்லை', ஒன்றன்கீழ் ஒன்றாக, கோணல் இல்லாமல்.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள் அவளுடைய அப்பா வந்தார். சட்டையில் பித்தளைத் தூள் மின்ன வாசலிலேயே நின்றுகொண்டார். அதிகம் பேசாதவர். என் நோட்டைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"டீச்சரம்மா, எம் புள்ளயப் பத்தி அதுல என்ன எழுதியிருக்கு?"

சற்றுச் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். நான் இருப்பதை இருக்கிறபடி சொல்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு கர்வம். படித்துக் காட்டினேன். பதினொரு முறை 'இல்லை' என்ற சொல்லை ஒரு மனிதர் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"சொல்புத்தியும் இல்ல, சுயபுத்தியும் இல்லன்னு எங்க தெருவுல சொல்றாக. எழுத்துலயும் அதுதேன் இருக்கு," என்றார்.

பிறகு தன் முடிவைச் சொன்னார். அவருடைய அக்கா ஆயக்குடியில் வாழ்க்கைப்பட்டவர், குழந்தையில்லை, கணவருக்குக் கொய்யாத் தோப்புக் காவல். அங்கே உலை இல்லை, சூடான பித்தளை இல்லை. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து பிள்ளையை அழைத்துப்போவதாகப் பேச்சு. இத்தனை நாள் மனம் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இப்போது என் நோட்டு அதைத் தீர்த்து வைத்துவிட்டது. தோப்பில் இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை, அவளிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் அன்று முழுவதும் நின்றது.

எங்கள் பாலவாடியில் ஓர் ஆயாம்மா இருந்தார். பால் காய்ச்சுவதும் கஞ்சி வைப்பதும் மூக்கைத் துடைத்து விடுவதும் அவர் வேலை. நாற்பது வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. பூட்டுக்காரர் போனதும், பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார்:

"ஏந்தாயி, அந்தப் புள்ள மூங்கிலை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குதே, அதை எழுதலையா?"

என்ன மூங்கில் என்றேன். அடுப்படிக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். பிள்ளைகள் அடுப்பருகே வராமல் இருக்க, கணுத் துளைத்த ஒரு மூங்கில் குழாயைச் சுவரில் சாய்த்து வைத்து, மேலே புளியங்கொட்டை போட்டால் கீழே கொட்டாங்கச்சியில் வந்து விழும்படி செய்திருந்தார். அந்தப் பெண் அங்கே குந்தியிருந்தாள். ஒரு கொட்டையை மேலே போட்டாள். உடனே குனிந்து கீழ் வாயைப் பார்த்தாள். கொட்டை வந்தது. எடுத்தாள். மறுபடி போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பத்தொன்பது முறை. இருபதாவது முறை கீழே விழும் இடத்தில் கையை முன்கூட்டியே நீட்டிவைத்துப் பிடித்தாள்.

இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன். வந்த மறுநாளிலிருந்து என்றார்.

"இது என் பட்டியல்ல இல்லையே," என்றேன். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆயாம்மா கையிலிருந்த சாம்பலைத் தட்டினார். "அப்ப நோட்டுல இல்லாததெல்லாம் நடக்கலையாக்கும்?"

அன்றே பூட்டுக்காரரிடம் ஓடிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. கோழிகூடத் தானியம் விழும் இடத்தைப் பார்த்துக் காத்திருக்கும் என்று பட்டறையில் இருந்த இன்னொருவர் சொன்னார். பதினொரு 'இல்லை'யை நான்தானே படித்தேன். ஒரு மூங்கில் குழாய் அதற்கு ஈடாகுமா?

பிள்ளையின் அம்மா மட்டும், என்னை வாசல் வரை அனுப்ப வந்தவர், மெதுவாக ஒன்று சொன்னார். கை சுட்டுக்கொண்ட பிறகு மகள் அச்சுப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை; ஆறிய பித்தளையைக்கூட முதலில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள். அவர் இதை ஒரு குறையாகச் சொன்னார், பிள்ளைக்குப் பயம் பிடித்துக்கொண்டது என்று. நான் வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தேன்.

மார்கழிக் கடைசியில் பூட்டுக்காரர் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். மகள் ஆயக்குடிக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள அவரே தனியாகச் செய்தது. மாங்காய் வடிவம், குழந்தைக் கைக்குள் அடங்கும் அளவு, முனை மழுக்கிய பெரிய சாவி. மணிப்பூட்டு. அதாவது, சாவியைத் திருப்பும்போது உள்ளே ஒரு சிறு சுத்தியல் வெண்கலத் தட்டில் அடித்து மணி ஒலிக்கும்; கள்ளன் தொட்டால் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பணப்பெட்டிகளுக்குச் செய்வது. இவர் அதைப் பொம்மையாக்கியிருந்தார். ஒரு முறை காதருகே வைத்துத் திருப்பினார். அந்தத் தெருவில் பூட்டைப் பார்த்து யாரும் தரம் சொல்வதில்லை. காதில் வைத்துத் திருப்பித்தான் சொல்வார்கள். உள்ளே எந்தத் தகடு ஒரு மயிரிழை நீளம் என்பதுவரை அவர்களுக்குக் காதிலேயே தெரியும். திருப்தியாகத் தலையசைத்து, பூட்டை மகளிடம் கொடுத்தார்.

அவள் சாவியைத் திருப்பினாள். மணி ஒலித்தது. எங்கள் பாலவாடியில் இருந்த மற்றக் குழந்தைகள் எல்லாம் திரும்பிச் சிரித்தன. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பாவின் கண் கீழே போனது. பிறகு அவள் பூட்டைத் தூக்கிக் கன்னத்தில், தாடை எலும்பின் மேல், அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி. மறுபடி.

"என்னையப் பாத்துச் செய்யிறா," என்றார் அவர், வருத்தத்தோடு. "நான் காதுல வப்பேன்ல. அதுகூட இடம் தெரியாம மூஞ்சியில தேய்க்கிறா."

நான் எழுதினேன்: சாவியைத் திருப்பினாள். மணி ஒலித்தது. பூட்டைத் தாடையில் வைத்துத் திருப்பினாள், ஏழு முறை. மறுபடி செய்ததா? பேனா நின்றது. அப்பாவைப் பார்த்து அப்படியே செய்வதென்றால் அதற்கு 'ஆம்' போட முடியாது.

மதியம் குழந்தைகள் பாய்களில் தூங்கும் நேரத்தில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பினேன். எழுத்துப் பிழை தேடுவது என் பழக்கம். அன்று தேடியதும் அப்படித்தான். முதல் பக்கத்துப் பட்டியலில் கண் போனது. கிலுகிலுப்பை, தட்டு, சலங்கை, தாளம். ஒன்று முதல் எட்டு வரை விரல் வைத்துப் பார்த்தேன். எட்டுக்கும் பலன் ஒன்றுதான்: சத்தம். பதினொரு நாளும் நான் அவளுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி செய்கிறாளா என்று பார்த்தது சத்தத்தை மட்டும்தான். மூங்கிலில் வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பித்தளை கையைச் சுட்டது. பூட்டு தாடையில் அதிர்ந்தது. இந்த மூன்றிலும், தான் செய்ததால் என்ன வந்தது என்று அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

சத்தம் என்பதே அவளுக்கு எட்டவில்லையோ? எழுந்துபோய்த் தகரத் தட்டை எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்த அவள் தலைமாட்டில் நின்று ஓங்கி அடித்தேன். அவள் அசையவில்லை. ஆனால் பக்கத்தில் படுத்திருந்த பதின்மூன்று குழந்தைகளில் பதினொன்றும் அசையவில்லை. எல்லாம் பட்டறைப் பிள்ளைகள். விழித்துக்கொண்டு அழுத இரண்டும், அப்பா ரயிலடியில் வேலைக்கு மாற்றலாகி வந்த வீட்டுக் குழந்தைகள். ஆயாம்மா ஓடிவந்து, எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

அந்தத் தெருவில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பதை யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே சத்தத்துக்குத் திரும்பாமல் இருப்பதுதான் நல்ல பிள்ளையின் அடையாளம். அவளைப் பெற்றவர்கள் அந்தக் குறையைத்தான் இரண்டு வருஷம் பெருமையாகப் பேசியிருந்தார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று நான் போய்ச் சொன்னால், ஏற்கனவே ஒரு முறை நோட்டைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தவள் வந்து மறுபடி ஏதோ சொல்கிறாள் என்றுதான் ஆகும். அவளே காட்ட வேண்டும். அப்பாவைப் பார்த்துச் செய்கிறாளா, அல்லது சாவி திரும்பினால் தாடையில் ஒன்று வரும் என்று தெரிந்து செய்கிறாளா?

ஆயாம்மாவிடம் சொன்னேன். அவர் சற்றே யோசித்து, "வர்ற சாமானை நிப்பாட்டிப் பாருங்க. மூங்கில்ல நான் ஒரு தடவ துணிய அடச்சேன். அன்னைக்கு என்னைய என்னா பார்வ பாத்தா," என்றார்.

பொங்கலுக்கு முந்தின நாள் பட்டறைக்குப் போனேன். பூட்டுக்குள் இருக்கும் சிறு சுத்தியலை மட்டும் கழற்றித் தர முடியுமா என்று கேட்டேன். பூட்டு வழக்கம்போலத் திறக்க வேண்டும், பூட்ட வேண்டும். மணி மட்டும் அடிக்கக் கூடாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கெட்ட பூட்ட எங்கையால ஒருத்தருக்குக் குடுத்ததில்ல, டீச்சரம்மா."

செத்த நேரத்துக்குத்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். அவள் காதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நான் சொல்வதைவிட அவர் கண்ணாலேயே பார்த்தால் நல்லது என்று சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பூட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியடித்து மூடியிருந்த பின்தகட்டை எடுத்துவிட்டு, இரண்டு திருகாணி போட்டு மாட்டினார். அப்படியானால் நினைத்த நேரத்தில் சுத்தியலைக் கழற்றலாம், மாட்டலாம். நான் கேட்காமலே அதைச் செய்தார்.

பொங்கல் கழிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூட்டுக்காரர் வீட்டுக்குப் போனபோது ஆயக்குடி அத்தை வந்திருந்தார். கூடை நிறையக் கொய்யா. குழந்தைக்குப் புதுப் பாவாடை, பின்னிய நூல் தொப்பி ஒன்று. பதினைந்து வருஷம் பழனிப் பக்கம் இருந்ததில் அவர் பேச்சில் 'ங்க' ஏறியிருந்தது. தோப்பில் ஊஞ்சல் கட்டியாயிற்று என்றும், அவளுக்கென்று வெள்ளாட்டுக்குட்டி ஒன்று நிறுத்தியிருக்கிறது என்றும் என்னிடம் சொன்னார். புத்தியில்லாத பிள்ளையை வளர்க்கப் போகிறோமே என்ற சலிப்பு அவரிடம் துளியும் இல்லை. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவரிடமிருந்துதான் நான் எதையோ பறிக்கப் போகிறேன்.

பாய் விரித்தோம். குழந்தை நடுவில். அம்மா கைக்குழந்தையோடு சுவரோரம். ஆயாம்மா அழைக்காமலே வந்து நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். முதலில் மணியோடு பூட்டைக் கொடுத்தோம். சாவியைத் திருப்பினாள், தாடைக்குக் கொண்டுபோனாள், ஐந்து முறை. அத்தை சிரித்தார்: "ஏனுங்க, பூட்டுக்கு முத்தம் குடுக்குதுங்களா?"

அப்பா பூட்டை வாங்கி முதுகைத் திருப்பிக்கொண்டு சுத்தியலைக் கழற்றினார். அதே பூட்டு, அதே சாவி. மகள் கையில் வைத்தார்.

அவள் சாவியைத் திருப்பினாள். வளையம் எகிறித் திறந்தது. தாடையில் வைத்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். கண்ணை மூடியவள் திறந்தாள். பூட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். மறு கன்னத்தில் வைத்துத் திருப்பினாள். சாவியை உருவி, அதன் முனையைப் பார்த்து, மறுபடி நுழைத்துத் திருப்பினாள். பூட்டை ஒரு தரம் உதறினாள். மறுபடி தாடை. ஒன்றும் இல்லை.

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைத் தாண்டினாள். எழுந்து போய் அப்பாவின் முன் நின்று, பூட்டையும் சாவியையும் இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் அவருடைய விரலைப் பிடித்து இழுத்து, உள்ளே சுத்தியல் இருக்க வேண்டிய இடத்துக்கு நேரே பின்தகட்டின் மேல் வைத்தாள்.

வேலை கெட்ட பூட்டை எத்தனையோ பேர் அவரிடம் அப்படிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். அவர் அதை அறியாமல் இருக்க முடியாது.

"ரிப்பேருங்கிறா," என்றார். "நல்லாத் தெறக்குற பூட்ட, கெட்டுப்போச்சுங்கிறா."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழவில்லை. திருகாணியைக் கழற்றி, மகள் பார்க்கும்படியே சுத்தியலை எடுத்துக் காட்டி, மாட்டி, தகட்டை மூடினார். இந்த முறை தானே முதலில் வைத்துப் பார்த்தார். காதில் இல்லை. தாடையில். கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு மகளிடம் கொடுத்தார். அவள் வைத்துத் திருப்பிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சத்தம் வந்தது. அது அவளுக்குக் கேட்டிருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை எழுந்து கூடையைக் காலி செய்தார். கொய்யாக்களைச் சுளகில் கொட்டினார். பாவாடையை அம்மாவின் மடியில் வைத்தார்.

"தம்பி, கேக்காத புள்ளையத் தோப்புக்குள்ள வுட்டா அப்பறம் ஆருங்க சொல்லிக்குடுப்பாங்க? இங்கயே இருக்கட்டும். எனக்கு ஆட்டுக்குட்டி இருக்குதுங்க," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். பஸ்ஸுக்கு நானும் கூடப் போனேன். வழி முழுக்கத் தோப்பில் கிளி விரட்டுவதைப் பற்றியே பேசினார். ஏறும்போது மட்டும், நீங்கள் செய்தது சரிதான் என்பதுபோல் என் கையை ஒரு முறை அழுத்தினார். இன்றுவரை நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவரைத்தான் முதலில் வைக்கிறேன். மற்றவர்களுக்கெல்லாம் அன்று ஏதோ கிடைத்தது. அவர் வெறுங்கூடையோடு திரும்பினார்.

அடுத்த வாரம் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு, அதன் அடியைக் குழந்தையின் காதுக்குப் பின்னே எலும்பில் வைத்ததும், அவள் அதைப் பிடுங்கித் தாடைக்கு மாற்றிக்கொண்டாளாம். காது பிறவியிலேயே அப்படி, புத்தியில் குறை ஏதும் இல்லை என்றார். திரும்பி வந்த அன்றே பூட்டுக்காரர் பட்டறையில் அவள் உட்காரும் இடத்தில் நீளப் பலகை ஒன்று போட்டார். அதன் மறுமுனையைக் கையால் இரண்டு முறை தட்டினால் அவள் திரும்புவாள். உலைப் பக்கம் போகக் கூடாது என்பதற்கு மூன்று தட்டு. தெருவே ஒரு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பலகையைத் தேடிப் போய்த் தட்டினார்கள். அவள் ஐந்து வயது வரை எங்களோடு இருந்து, பிறகு காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்ந்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் முதலில் பாலவாடிக்குத்தான் வருவாள். புதிதாக வந்த சின்னக் குழந்தைகளோடு மூங்கிலடியில் குந்திக்கொண்டு, கொட்டை விழும் இடத்தில் அவர்கள் கையைப் பிடித்து வைப்பாள்.

பாலவாடிகளில் பதினேழு வருஷம் வேலை பார்த்துவிட்டேன். எத்தனையோ விளையாட்டுப் பொருள் செய்திருக்கிறேன். காற்றில் சுற்றும் ஓலைக் காத்தாடி, சாய்த்தால் உருளும் நூல் கட்டை, ஊதினால் ஓடும் காகித எறும்பு, தண்ணீர் ஊற்றினால் சுற்றும் தகரச் சக்கரம். ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒன்றில் 'நான் செய்தேன், அதனால் வந்தது' என்ற வெளிச்சம் வந்துவிடும். எதில் வரும் என்பதை நாம் முன்கூட்டிப் பட்டியல் போட முடியாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டரை வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு நான் பதினொரு முறை 'இல்லை' போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. ஓரத்தில், 'நான் கேட்ட கேள்வி தவறு' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் முதல் கட்டம்: சாவியைத் திருப்பினாள். இரண்டாவது: ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் என் விதியை மீறியிருக்கிறேன். 'அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.'

அதற்குப் பிறகு வந்த நோட்டுகளில் நான்காவதாக ஒரு கட்டம் உண்டு. தலைப்பு, 'பட்டியலில் இல்லாதது'. ஆயாம்மா வேலையிலிருந்து நிற்கும்வரை தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் ஈரக் கையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பார். எழுத்துத் தெரியாவிட்டாலும் எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான்காவது வெறுமையாக இருந்தால் போதும்.

"என்ன தாயி, காலியாக் கெடக்கு? இன்னிக்கு நீங்க சரியாப் பாக்கல," என்பார். நானும் பேனாவை மூடாமல், அன்றைய காலையை முதலிலிருந்து மறுபடி யோசிக்கத் தொடங்குவேன்.